ஃப்ரீசருக்குக் கைமாறிய நட்சத்திரம்

அந்த யோசனை தோன்றியபோது என் வாயில் பாதி மீன் ரோல்ஸ் இருந்தது. நோபல் பார்க் உள்ளரங்கில் எங்கள் கூடைப்பந்து அணியின் ஆட்டத்துக்கு இடைவேளை. குளிர்காலத்துப் பிற்பகல் வெயில் கூரையின் கண்ணாடிப் பட்டைகள் வழியாகச் சாய்வாக இறங்கி, மரத்தரையில் நீளநீளமாகப் படுத்திருந்தது. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். வளையமும் பலகையும் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்த மனிதர்களும் அதற்குள் தலைகீழாக மிதந்தார்கள். நான் புள்ளி போடும் மேசையில் உட்கார்ந்து, ஒரு கையில் ரோல்ஸும் மறுகையில் போனுமாக, அமெரிக்காவில் எந்தக் கூடைப்பந்து ஆட்டக்காரர் எந்த ஊருக்குப் போகப்போகிறார் என்கிற வதந்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

(வதந்தி என்று யாராவது சொன்னால் அப்போது எனக்குக் கோபம் வரும். நான் அதைச் சந்தைத் தகவல் என்பேன்.)

அன்றைய சந்தைத் தகவல் இதுதான். பனியைத் தவிர வேறு பெருமை இல்லாத ஒரு சின்ன ஊரின் நட்சத்திரம், கடற்கரையும் சினிமாக்காரர்களும் நிறைந்த ஒரு பெரிய நகரத்தின் அணிக்கு மாறலாம். எதுவும் நடந்துவிடவில்லை. 'நெருங்கிய வட்டாரங்கள்' அப்படித் தெரிவித்திருந்தன, அவ்வளவுதான். அதற்குள் காலணிக் கம்பெனிகளும் குளிர்பானக் கம்பெனிகளும் அவர் வாசலில் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. சின்ன ஊரில் இருந்தவரை அவர் முகம் உள்ளூர் மெத்தைக்கடை விளம்பரத்தைத் தாண்டியதில்லை. அதே ஆள், அதே கை, அதே பந்து. ஊர் மட்டும் பெரிதானால் முகமும் பெரிதாகிறது.

ரோல்ஸை மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஜூட் அண்ணா தன் துண்டால் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூட் அண்ணா எங்கள் அணியின் நட்சத்திரம். மன்னாரிலிருந்து வந்தவர், டன்டினோங் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. தரையில் நிற்கும்போது அவரைப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள் என்றுதான் நினைக்கத் தோன்றும். பந்தோடு எழும்பினால் கதை வேறு. எழும்பியவர் இறங்க மறந்துவிட்டதுபோல ஒரு கணம் அங்கேயே இருப்பார். அந்தக் கணத்தில் அரங்கில் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். பிறகு வலை அசையும். அவர் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி நடந்து வருவார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த ஒரே விளம்பர ஒப்பந்தம், மீனும் சாப்பாடும் விற்கும் மரியதாஸ் அங்கிள் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் இலவசக் கொத்துரொட்டி. அதிலும் முட்டை சேர்த்தால் தனிக்காசு.

ஜூட் அண்ணாவிடம் குறையில்லை, குறை சந்தையில்தான் என்று அந்த நிமிடம் எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வினோதினி. திண்டுக்கல்லிலிருந்து இங்கே பக்கத்துப் புறநகரான கிளேட்டனுக்குத் தரவுப் பகுப்பாய்வு படிக்க வந்தவள். நோபல் பார்க்கில் ஒரு நாள் ரோல்ஸ் வாங்கப் போய், பக்கத்து அரங்கில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, புள்ளி போட ஆளில்லை என்று தெரிந்து உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. கூடைப்பந்து பற்றிப் பேசச் சொன்னால் மூச்சு விடாமல் பேசுவேன். பந்தை மட்டும் தொட்டதில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் ஜூட் அண்ணா வழக்கம்போல என்னைக் காரில் கிளேட்டனில் இறக்கிவிட வந்தார். நான் என் கோட்பாட்டை எடுத்து விரித்தேன்.

"அண்ணா, நோபல் பார்க் சின்ன மார்க்கெட். ஒரு கடை, ஒரு சர்ச் ஹால், ஒரு வேன். கிளேட்டன்ல கூட்டம் இருக்கு, ஆனா எல்லாரும் என்ன மாதிரி ஸ்டூடண்ட்ஸ், கொத்தமல்லிக்கட்டுக்கே நாலு கடை ஏறி இறங்குவோம். சிட்னி பக்கம் செவன் ஹில்ஸ் பாருங்க, அங்க டீம் இருக்கு, தெருவுக்குத் தெரு தமிழ்க்கடை இருக்கு. நீங்க மட்டும் அங்க இருந்தீங்கன்னா உங்க மூஞ்சி எங்க எல்லாம் இருக்கும் தெரியுமா?"

"ம்."

"நீங்க போகவே வேணாம். போகப்போறீங்கன்னு பேச்சு வந்தா போதும். இங்க இருக்கறவங்க பதறிடுவாங்க. மரியதாஸ் அங்கிள் உடனே உங்கள வளைச்சுப் போட்டுக்குவாரு. வேற என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, கேக்கலாம்."

சிக்னலில் கார் நின்றது. ஜூட் அண்ணா தன் வாழ்நாளின் மிக நீண்ட பேச்சைப் பேசினார்.

"அம்மா அடுத்த மாசம் வாறா, தங்கச்சி. விசிட் விசா. லொக்டவுன் நேரம் அவ போன்ல ஒரே அழுகை. சும்மா சந்தோசப்படட்டும் எண்டு, அங்கிளின்ர வான்ல என்ர படம் போட்டிருக்கு எண்டு சொல்லிப்போட்டன். அவ எங்கட ரோட்டு முழுக்கச் சொல்லிப்போட்டா. இப்ப வந்து பாத்தா வான்ல மீன்தான் நிக்கும்."

அங்கிளின் வேன் எனக்குத் தெரியும். வெள்ளை வேன், பக்கவாட்டில் முழு நீளத்துக்கு ஒரு அறக்குளா மீன். (நம் ஊரில் வஞ்சிரம். இந்த ஒரு மீனுக்காக நானும் மரியதாஸ் அங்கிளும் போட்ட சண்டைகளைத் தனியாக எழுதவேண்டும்.) அந்த மீனின் இடத்தில் ஜூட் அண்ணா இருக்கவேண்டும். அதற்கு ஒரு மாதம் இருக்கிறது.

ரயில் பாதையை ஒட்டிக் கார் போய்க்கொண்டிருந்தது. வானம் பழுத்த மாம்பழ நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். வெள்ளை வேன் ஒன்று சத்தமில்லாமல் தெருத்தெருவாக மிதக்கிறது. அதன் பக்கவாட்டில் ஜூட் அண்ணா பந்தோடு எழும்பி, இறங்க மறந்து நிற்கிறார். யூகலிப்டஸ் மரங்கள் வழிவிடுகின்றன. மன்னாரிலிருந்து வந்த ஒரு அம்மா நடைபாதையில் நின்று கையை வாயில் வைத்துக்கொள்கிறார். பின்னணியில் நான், தன்னடக்கத்துடன்.

"அப்ப நான் பாத்துக்கறேன் அண்ணா. சரியா?"

"ம்."

(அந்த 'ம்'மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கியர் மாற்றியபோது வந்த சத்தமாகவும் இருந்திருக்கலாம்.)

வதந்தி எழுதுவது லேசான வேலையல்ல. அதிகம் சொன்னால் நம்பமாட்டார்கள், குறைவாகச் சொன்னால் கவனிக்கமாட்டார்கள். சோறு வேகும் குக்கரின் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி வந்தது: 'நோபல் பார்க் அணியின் முன்னணி வீரர் ஜூட்டைத் தங்கள் அணிக்குக் கொண்டுவர சிட்னி செவன் ஹில்ஸ் அணி ஆர்வம் காட்டுவதாக நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. பேச்சு தொடர்கிறது.' நெருங்கிய வட்டாரம் என்பது நானும் குக்கரும். எங்கிருந்தோ வந்த செய்திபோலத் தெரியவேண்டுமே என்று முதலில் என் இன்னொரு எண்ணுக்கு அனுப்பி, அங்கிருந்து அதைத் திருப்பி எடுத்து, மேலே அந்தச் சின்ன அம்புக்குறியோடு அணியின் வாட்ஸப் குழுவில் விட்டேன்.

குக்கர் விசிலடித்தது. நான் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்கச் சின்ன ஊர்களில் இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். ரசிகர்கள் அழுவார்கள். அட்டை பிடிப்பார்கள். முதலாளி ஓடிவந்து ஒப்பந்தத்தை நீட்டுவார். மறுநாள் மாலை, முதலாளியின் பதற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட நான் மரியதாஸ் அங்கிள் கடைக்குப் போனேன். அங்கிள் கடையின் சொந்தக்காரர் மட்டுமில்லை, அணியின் மேலாளர், சர்ச்சில் (இவர்கள் வாயில் அது கோயில்) பாடகர் குழுவின் கீழ்க்குரல், ஜூட் அண்ணா குடியிருக்கும் பின்கட்டு அறைக்கு உரிமையாளர். நோபல் பார்க் சந்தை என்றால் பெரும்பாலும் அவர்தான்.

அங்கிள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பதற்றம் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. (வெங்காயம் பக்கத்தில் இல்லை.)

"கேள்விப்பட்டீங்களா அங்கிள்? ஜூட் அண்ணாவ..."

"ஓம் பிள்ளை. நல்ல விசயம். பெடியன் முன்னேறட்டும்."

"நீங்க... அவர நிறுத்தப் பாக்கலையா?"

"ஏன் நிப்பாட்டோணும்? நாங்கள் சின்ன இடம். எங்கள நம்பி ஒரு பிள்ளை இஞ்சயே கிடந்து என்ன செய்யிறது?" கத்தியை வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "றோசலின், அந்த அறைக்கு ஆக்கள் கேட்டவையெல்லே, ஓம் எண்டு சொல்லிவிடும்!"

சமையலறைக்குள்ளிருந்து அவர் மனைவி றோசலின் அன்ரியின் குரல் வந்தது. "காலமையே சொல்லிப்போட்டன்!"

என் கோட்பாட்டில் இந்த இடம் இல்லை. ஏலம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்த சந்தை, ஆளையே தூக்கி வழியனுப்பத் தொடங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் நோபல் பார்க் முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் ஜூட் அண்ணாவுக்கு நல்லது செய்தார்கள். கிடங்கில் அவருடைய மேற்பார்வையாளரும் அதே கோயில்காரர். "நீர் யோசியாதையும், நான் உம்மட ஷிஃப்டுக்கு ஆள் பாத்திட்டன்" என்று தோளில் தட்டினார். அணியில் ஜூட் அண்ணாவின் இடத்துக்குப் புதுக் கேப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரே முன்மொழியவேண்டும் என்று கேட்டார்கள், அவரும் முன்மொழிந்தார்.

பிறகு பார்சல்கள் வந்தன.

சிட்னிக்கு ஒருவர் போகிறார் என்று தெரிந்தால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? அங்கே எல்லோருக்கும் ஒரு மகளோ மச்சானோ இருக்கிறார்கள். நான் ஜூட் அண்ணாவின் அறைக்குப் போனபோது கதவு பாதிதான் திறந்தது. வறுத்த மிளகாய்த்தூள், கருவாடு, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, யாரோ தன் பேத்தியின் முதல் நற்கருணைக்குத் தைத்த உடுப்பு, சுவர்க்கடிகாரம் ஒன்று, அரைக்கும் கல் ஒன்று. (ஆமாம், கல். தபாலில் போட்டால் உடைந்துவிடுமாம்.) எல்லாவற்றின் மேலும் செவன் ஹில்ஸ் விலாசங்கள். நடுவில், கட்டில் ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரு சாண் இடத்தில் ஜூட் அண்ணா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வந்த மாலை வெளிச்சத்தில் மிளகாய்த்தூள் பொன்துகளாகப் பறந்தது. அவர் தும்மினார்.

"அண்ணா, இதெல்லாம் ஏன் வாங்கி வச்சீங்க?"

"தந்தவை."

"போகலன்னு சொல்லக்கூடாதா?"

"ஆசையாத் தாறவையிட்ட எப்பிடிச் சொல்லுறது?" பிறகு மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, வான் என்ன மாதிரி?"

வேன் விஷயம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவருடைய அம்மா வந்தால் காட்டப் படம் இல்லை என்பது போய், இப்போது தங்க அறையும் இல்லை, போக வேலையும் இல்லை. நான் அறைக்கு வெளியே வந்து, போனை எடுத்து, குழுவில் நேராக எழுதினேன்: 'ஜூட் அண்ணா எங்கும் போகவில்லை. வந்த செய்தி தவறு.'

அடுத்த நிமிடமே கட்டைவிரல்களும் கும்பிடு போடும் கைகளும் கண்ணடிக்கும் முகங்களுமாகக் குவிந்தன. கொஞ்ச நேரத்தில் மரியதாஸ் அங்கிளே கூப்பிட்டார்.

"விளங்குது பிள்ளை. கையெழுத்து ஆகுமட்டும் மறுக்கத்தான் வேணும். நானும் ஒருத்தரிட்டயும் மூச்சு விடேல்ல."

"இல்ல அங்கிள், நிஜமாவே இல்ல. அது வதந்தி."

"ஓம் ஓம். நீர் கெட்டிக்காரி." குரலைத் தணித்தார். "நான் சிட்னிக்குப் போன் எடுத்துக் கதைச்சனான்."

"யார்கிட்ட?"

"அவையின்ர மனேச்சர், குகன் எண்டு ஒருத்தர். எங்கட பெடியனைக் கேட்டியளாம் எண்டன். பிள்ளை, நீர் நம்பமாட்டீர், அந்தாள் ஜூட் எண்டால் ஆரெண்டு கேக்குது!"

"ஐயோ அங்கிள், அவங்களுக்கு நிஜமாவே..."

"நடிப்புப் பிள்ளை! பெரிய இடத்து ஆக்கள் அப்பிடித்தான் விலையைக் குறைக்கிறது. எனக்குத் தெரியாதே? நானும் விடேல்ல. தங்கமான பெடியன், உடன தாறன் எண்டன். அந்தாள் கேக்குது, உடன தாறியள் எண்டால் என்ன குறை, முழங்காலோ எண்டு."

சந்தைப்படுத்தல் பாடத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே உண்டு. கேட்காத இடத்தில் கொண்டுபோய் நீட்டிய பொருளின் கதி. நான் ஏற்றிவிட நினைத்த ஜூட் அண்ணாவின் மதிப்பு, ஒரே தொலைபேசி அழைப்பில் கணுக்கால் வரைக்கும் இறங்கிவிட்டது.

"கடைசியா என்ன ஆச்சு?"

"சும்மா குடுக்கேலுமே? அவையிட்ட ஒரு பழைய ஃப்ரீசர் இருக்காம், நெஞ்சுயரம், நல்ல கண்டிசன். அதுக்குப் பேசி முடிச்சிட்டன். சப்பாத்து மட்டும் பெடியன் தன்ர கொண்டுவரட்டாம்."

இப்படியாக, என் பொய் உண்மையாகிவிட்டது. ஜூட் அண்ணா உண்மையிலேயே செவன் ஹில்ஸுக்கு மாற்றப்பட்டார், ஒரு பழைய ஃப்ரீசருக்கு.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் பிரியாவிடை. நான் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். றோசலின் அன்ரி இஞ்சித் தண்ணியோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். மண்டபம் முழுக்க நாற்காலிகள். பந்து வடிவத்தில் கேக். உயர்ந்த ஜன்னல்களின் நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து, கட்லட் தட்டுகள் நீலமாகவும் அன்ரிமார்களின் சேலைகள் இன்னும் நீலமாகவும் தெரிந்தன. எல்லாம் ஒரு நல்ல கனவுபோல இருந்தது. கனவென்றால் விழித்துக்கொள்ளலாம், இதில் அந்த வசதி இல்லை.

ஜூட் அண்ணாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய ஒன்பதாம் எண் சட்டையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள், அந்த எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று. பாதர் அதற்குத் தீர்த்தம் தெளித்தார். (அமெரிக்காவில் இப்படிச் செய்வார்கள் என்று ஒரு காலத்தில் இவர்களுக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.)

மரியதாஸ் அங்கிள் மைக்கைப் பிடித்தார்.

"எங்கட ஜூட் போறான். நாங்கள் சின்ன இடம், அவனைப் பிடிச்சு வைக்க எங்களிட்ட ஒண்டுமில்லை." கீழ்க்குரல் இன்னும் கீழே போனது. "ஒரு விசயம் சொல்லோணும். இவன்ர அம்மா வாறா. அவ றோசலினுக்குப் போன் எடுத்து, வான்ல இருக்கிற என்ர பிள்ளையின்ர படத்தை ஒருக்கா அனுப்பும் எண்டு கேட்டவ. நாங்கள் இல்லை எண்டு சொல்லேல்ல. வான் திருத்தக் குடுத்திருக்கு எண்டு சொல்லிப்போட்டு, உண்மையா இவன்ர படம் ஒட்டக் குடுத்தனான். அம்மா வரேக்க காட்டுவம் எண்டு. அது நடக்கேல்ல. போற பிள்ளையின்ர படத்தை வைச்சு என்ன செய்யிறது எண்டு பாதியில நிப்பாட்டிப்போட்டன்."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வேன் விஷயம் தானாக நடந்திருக்கும். சந்தை, கோட்பாடு, நெருங்கிய வட்டாரம் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

"இப்ப ஜூட் ரெண்டு வார்த்தை கதைப்பான்" என்று அங்கிள் மைக்கை நீட்டினார்.

ஜூட் அண்ணா எழுந்தார். பொன்னாடை சரிந்தது. மண்டபம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல அமைதியானது. அவர் மைக்கை ஒரு பந்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் போகேல்ல."

யாரோ ஒரு குழந்தை ஏப்பம் விட்டது துல்லியமாகக் கேட்டது.

"என்னப்பா சொல்லுறாய்?" என்றார் அங்கிள்.

"நான் எங்கயும் போகேல்ல அங்கிள். செவன் ஹில்ஸில எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?" இது றோசலின் அன்ரி.

"நீங்கள் ஒருத்தரும் போறியோ எண்டு கேக்கேல்லயே அன்ரி. போறாய், போறாய் எண்டுதானே எல்லாரும் சொன்னனியள்."

மண்டபம் அதை யோசித்துப் பார்த்தது. யோசித்து முடித்ததும் அங்கிள் மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப அந்த நெருங்கிய வட்டாரம் ஆர்?"

நான் கையைத் தூக்கினேன். கையில் முள்கரண்டி இருந்தது, அதன் நுனியில் பந்தின் ஒரு துண்டு. சின்ன மார்க்கெட், பெரிய மார்க்கெட், விளம்பரம் என்று ஏதேதோ சொன்னேன். மனதில் ஓடியபோது அழகாக இருந்த வாக்கியங்கள், மைக்கில் வந்தபோது காய்ச்சல்காரி உளறல்போல இருந்தன. அங்கிள் முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அதெல்லாம் சரி பிள்ளை" என்றார், உண்மையான கவலையோடு. "ஃப்ரீசர் வந்திட்டுதே. நான் இறாலும் நிரப்பிப்போட்டன்."

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தகராறு. என் நினைவில் அது பாதர்.

சிரித்து முடித்து எல்லோரும் வெளியே வந்தபோதுதான் வேன் வந்து சேர்ந்தது. படம் ஒட்டும் கடைக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அங்கிள் பாதியில் நிறுத்தியபோது உடம்பை ஒட்டி முடித்திருந்தார்கள். தலை வரவேண்டிய முன்கதவில் மட்டும் பழைய படத்தை அப்படியே விட்டிருந்தார்கள். ஆகவே மாலை வெயிலில், மண்டபத்து முற்றத்தில், ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஒரு உடம்பு பந்தோடு வானில் எழும்பி நின்றது. அதன் கழுத்துக்கு மேலே அறக்குளா மீனின் தலை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உண்மையைச் சொன்னால், பந்து போடும் நேரத்தில் ஜூட் அண்ணாவின் வாயும் அப்படித்தான் இருக்கும்.

அறைக்கு வரவிருந்தவர்களிடம் அன்ரி போய் மன்றாடி, அவர்களுக்கு வேறு இடம் பிடித்துக் கொடுத்தார். கிடங்கு மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டு ஷிஃப்டைத் திருப்பிக் கொடுத்தார். சட்டை மட்டும் இறங்கவில்லை. தீர்த்தம் தெளித்ததை எப்படிக் கழற்றுவது என்று எல்லோரும் பயந்ததில், ஜூட் அண்ணா இப்போது தொண்ணூறாம் எண்ணில் ஆடுகிறார். வேனில் தலையை மாற்றிவிடலாம் என்று அங்கிளிடம் கெஞ்சினேன். கடைக்காரருக்கு அந்த மாதம் முழுக்க வேலை இருந்தது. அம்மா வரும் நாள் முந்திக்கொண்டது.

விமான நிலையத்துக்கு அந்த வேனில்தான் போனோம், அங்கிள், ஜூட் அண்ணா, பின்னால் இறால் வாசனையோடு நான். அம்மா சின்ன உருவம், பெரிய பெட்டி. மகனைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க, வான் எங்க?" என்றார்.

வாகனத் தரிப்பிடத்தில் காலைப் பனி தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. பனிக்குள் வேன் பாதி மிதந்தது. அம்மா அதன் பக்கத்தில் போய் நின்றார். ஜூட் அண்ணா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படத்தின் முழங்கையில் விரலை வைத்தார். அங்கே ஒரு தழும்பு உண்டு, நான் அதுவரை கவனித்ததில்லை. அதைத் தடவினார்.

"கை என்ர பிள்ளையின்ரதான்" என்றார். கொஞ்சம் தள்ளி நின்று மேலே பார்த்தார். "தலைக்கு என்ன நடந்தது?"

ஜூட் அண்ணா சத்தம்போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அங்கிள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார், நானும் குக்கரும் உட்பட. அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானோ அந்த வட்டாரம்?"

அன்றிலிருந்து நோபல் பார்க்கில் என் பெயர் அதுதான். கடைக்குள் நுழைந்தால், "வட்டாரம் வந்திட்டா, ஒருத்தரும் ஒண்டும் கதையாதேங்கோ" என்கிறார் றோசலின் அன்ரி. ஞானஸ்நான வீட்டு அழைப்பிதழில்கூட வினோதினி (வட்டாரம்) என்றுதான் எழுதியிருந்தார்கள். திண்டுக்கல்லில் என் அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட, அவரும் இப்போது போனை எடுத்ததும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வேனின் தலையை அங்கிள் மாற்றவில்லை. மாற்ற விடமாட்டேன் என்கிறார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். கிளேட்டனிலிருந்து என் வகுப்புக்காரர்கள் ரயிலேறி வந்து அதனோடு படம் எடுத்துக்கொண்டு, வந்ததற்கு மீனும் வாங்கிப் போகிறார்கள். தன் முகம் இல்லாமலே விளம்பரத்தில் புகழ்பெற்ற ஒரே ஆட்டக்காரர் ஜூட் அண்ணாவாகத்தான் இருப்பார். என் கோட்பாட்டில் இதற்கும் இடம் இல்லை. கொத்துரொட்டியில் முட்டை இப்போது இலவசம்.

ஆனால் அம்மாவுக்கு அது போதவில்லை. "வான்ல பாத்திட்டன், இனி இவன் விளையாடுறதைப் பாக்கோணும்" என்றார். ஊரில் அவர் பார்த்ததெல்லாம் காணொளிதானாம், அதில் பந்து தெரியவே தெரியாதாம். அந்தப் பக்கம் செவன் ஹில்ஸ் குகன் அங்கிளும் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார், ஆளைக் கொடு அல்லது ஃப்ரீசரைக் கொடு என்று. நம் அங்கிளுக்கு இரண்டையும் விட மனமில்லை. கடைசியில் இருவரும் பேசி, ஒரு நட்புப் போட்டி, வென்றவர்களுக்கு ஃப்ரீசர் என்று முடிவானது. அடுத்த மாத நீண்ட வார இறுதியில், இதே வேனில், அந்தப் பார்சல்களையும் அரைக்கும் கல்லையும் ஏற்றிக்கொண்டு அம்மாவோடு சிட்னி போகிறோம். இந்தச் செய்தி வதந்தி அல்ல. நான்கு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். குடும்பவிழாப் போட்டி என்பதால் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண்ணாவது களத்தில் நிற்கவேண்டும் என்பது செவன் ஹில்ஸ்காரர்களின் நிபந்தனை. பெயர் கொடுங்கள் என்று கேட்டபோது மரியதாஸ் அங்கிள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே நோபல் பார்க் ஸ்டேஷன் பக்கத்து வெளியரங்கில், மாலை வெளிச்சம் இருக்கும்வரை, பந்து என்பது என்ன என்று தெரிந்துகொண்டிருக்கிறேன். அது நான் படித்ததைவிடக் கனமாக இருக்கிறது. சொன்ன இடத்துக்குப் போவதில்லை. ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் அம்மா பிளாஸ்கோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முறை நான் தவறவிடும்போதும், "பறவாயில்லை பிள்ளை, கிட்டப் போச்சுது" என்று சொல்கிறார். கிட்டப் போகவில்லை. நேற்று ஒன்று தண்டவாளப் பக்கம் போனது.

"அவசரப்படாதையும்" என்கிறார் ஜூட் அண்ணா. "மேல எழும்பி, ஒருக்கா அங்க நிண்டு, பிறகு விடும்."

அங்கே நிற்பது எப்படி என்று கேட்டால், "ம்" என்கிறார்.

வலது கையால் எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தாயிற்று. நாளைக்கு இடது கை.